ஒப்பீட்டுக் கை

இலையை வெயிலில் காய வைக்கக் கூடாது. பலரும் செய்கிற தவறு இது. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நிறமும் சத்தும் அதோடு போய்விடும். நிழலில், காற்றாட, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும், பச்சை மட்டும் மாறக் கூடாது. எங்கள் வீட்டு மாடி அறையில் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான் ஐயா. எதையும் மறைப்பதற்காக அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அது அவருடைய நினைப்பு.

நடந்ததை முதலிலிருந்து வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள். அதில் எனக்குச் சிரமம் இல்லை. சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன் என்றாலும் விஷயத்தை விஷயமாக எழுதப் பழகியவன். உறவினர் யாருக்காவது மனு, கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது தாவரங்களிலிருந்து மருந்துச் சத்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில். அங்கே நான் உதவியாளர். இலையைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைப்பேன், வடிகட்டுவேன், வடித்த நீரைச் சுழல் குடுவையில் ஊற்றி மெல்லச் சூடு காட்டி ஆல்கஹாலை ஓட்டுவேன். கடைசியில் அடியில் பசை போல ஒட்டிக்கொண்டு நிற்கும் கொஞ்சம் சாறுதான் எங்கள் உழைப்பு. உடம்பு துருப்பிடிப்பது போல உள்ளுக்குள் கெடுவதைத் தடுக்கும் சக்தி அதற்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதாக் கரைசல் வைத்திருக்கிறோம். சத்து இருந்தால் அந்த ஊதா வெளுத்து மஞ்சளாகும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நிற்கும். கண் முன்னால் ஒரு பொருள் நல்லதாக மாறுவதைப் பார்ப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆய்வகத்தின் பின்சுவரில் ஒரு கொடி தானாக வளர்ந்து கிடந்தது. யாரும் அதைச் சீண்டவில்லை. சும்மா ஒரு நாள் அதன் இலையைப் பறித்துச் சாறெடுத்துப் பார்த்தேன். ஊதா நின்ற இடம் தெரியவில்லை. நாங்கள் அதுவரை சோதித்த எந்தச் செடியும் அப்படி வேலை செய்ததில்லை. அதைக் கண்டுபிடித்தவன் நான்.

எங்கள் தலைவியை நாங்கள் தராசு என்போம். சொல்லைக்கூட நிறுத்துத்தான் போடுவார். அவர் கொடிச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்போம். ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். மருந்தில்லாத கூட்டத்தை ஆய்வகத்தில் கண்ட்ரோல் என்பார்கள். நான் தமிழ்வழியில் படித்தவன், ஒப்பீடு என்றுதான் சொல்லுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் வேலையின் உயிரே ஒப்பீட்டில்தான் இருக்கிறது. அது இல்லாமல் யார் எதைச் சொன்னாலும் அது பேச்சு, அவ்வளவுதான்.

மருந்து குடித்த எலிகளின் பாதமும் குடிக்காத எலிகளின் பாதமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன.

"நிறம் மாறுறது கண்ணாடிக் குழாய்க்குள்ள. வீக்கம் வத்த வேண்டியது உடம்புக்குள்ள. நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு பாத்தீங்களா?" என்றார் தராசு. "விடுங்க. அடுத்த செடிக்குப் போவோம்."

எலி எலிதான், மனிதன் மனிதன்தான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். கொடியைத் தோட்டக்காரர் வெட்டுவதற்கு முன் ஒரு கிளையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடியில் தொட்டியில் வைத்தேன்.

என் மனைவி தையல் வேலை செய்பவள். வீட்டின் முன்னறையில்தான் மிஷின். பள்ளிச் சீருடைகள் மொத்தமாக வந்த சமயத்தில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. அது தானாக வந்தது, அதில் எனக்குப் பங்கில்லை. கொடிச் சாற்றை மெழுகில் குழைத்து அவள் விரல்களில் பூசிவிட்டேன். அப்போது அவளுடைய அண்ணன் வந்திருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர், வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ள, எலியே வேணாம்னு சொன்ன மருந்தை என் தங்கச்சி கையில பூசுறீங்க?"

"அண்ணே, சும்மா இருங்க. குளுகுளுன்னு இருக்கு," என்றாள் அவள்.

"குளுகுளுன்னு இருக்கணும்னா ஐஸ் வாங்கி வச்சுக்கோ. இதுக்கு ஒரு டாக்டரு வேற."

ஒரு வாரத்தில் வீக்கம் இறங்கிவிட்டது. அவள் விரல்களை விளக்குக்கு முன்னால் விரித்து விரித்துப் பார்த்தாள். "என்னங்க, இந்தக் கை உங்களுது," என்றாள். மறுமுறை வந்தபோது மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். "நான் வாயைத் திறக்கலை மாப்ள. இந்த முட்டிக்கும் கொஞ்சம் போடுங்க."

ஐயா, என் கல்யாணத்திலிருந்து அந்த வீட்டார் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. குழாயடியில் குடுவை கழுவுகிறவன் என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் எல்லாம் மாறியது.

தராசிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு ஆள். அதுவும் ரெண்டு நாள் மிஷின் பக்கம் போகாம இருந்த கை. தானாவே வத்தியிருக்கும். கண்ட்ரோல் எங்க? இத்தனை வருஷம் இங்க இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டு ஆளுங்க மேல இதெல்லாம் வேண்டாங்க. விட்டுடுங்க," என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதிதான் எனக்குள் தங்கியது. அதில் நியாயம் இருந்தது. ஒப்பீடு இல்லை என்பது உண்மைதான். வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒருவருக்கு இரண்டு கை இருக்கிறது என்பது தோன்றியது. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். எந்த எலிக் கூட்டத்திலும் இப்படி ஒரு ஒப்பீடு கிடைக்காது. ஒரு கைக்கு மருந்து, இன்னொரு கைக்கு வெறும் மெழுகு. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு என்று நினைத்து நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வேலையில் ஒன்று வெளியாட்களுக்குப் புரிவதில்லை. வீக்கத்துக்கான மருந்தைச் சோதிக்க முதலில் வீக்கம் வேண்டும். அது தானாக வரும் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

என் மனைவிக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாது. விரல் சொரசொரவென்றானால் மெல்லிய துணியில் நூல் பிரியும் என்று ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் பாத்திரம் கழுவுவாள். கழுவி முடித்ததும் சமையலறைக் குழாய்மேல் அவற்றை மாட்டிவைப்பாள். ஆய்வகத்தில் எலியின் காதில் தடவி வீங்க வைக்க ஒரு எண்ணெய் இருக்கிறது. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். மிகவும் நீர்க்கச் செய்துதான் கொண்டுவந்தேன். இரண்டு கையுறைகளின் உள்ளேயும் ஒரே அளவு பூசினேன். அவளுக்கு வலிக்க வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. அளவு குறைவாக இருந்ததே அதற்குச் சாட்சி.

சில நாளில் விரல்கள் சிவந்தன. பிறகு வீங்கின. வலது கைக்குக் கொடி மருந்து, இடது கைக்குப் பச்சை நிறம் சேர்த்த வெறும் மெழுகு. இரண்டும் ஒரே மாதிரி டப்பா, மூடியின் அடியில் மட்டும் எனக்குத் தெரிகிற ஒரு கீறல். தினமும் காலையில் அவளுடைய தையல் நாடாவாலேயே விரல் சுற்றளவை எடுப்பேன்.

"எனக்கே சட்டை தைக்கிற மாதிரி அளவெடுக்கிறீங்க," என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வலது கை தேறியது. நான் சொல்லவில்லை, நாடா சொன்னது. இடது கை மட்டும் நாளுக்கு நாள் தடித்து, தோல் பளபளத்து, மூட்டு எங்கே என்று தெரியாமல் போனது. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நான்தான் அழைத்துப் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"புதுசா ஏதாவது சோப்பு, கிரீம்?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்லைங்க டாக்டர். கையுறை போட்டுத்தான் பாத்திரமே கழுவுறேன்."

"நல்ல பழக்கம். அதை மட்டும் விட்டுடாதீங்க."

அவர் எழுதிக் கொடுத்த களிம்பை அவள் ஒரு நாள்கூடப் போடவில்லை. நான் தடுக்கவில்லை. இரண்டையும் கலந்தால் எது கேட்டது என்று தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவளே அதை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். "வலது கையைக் காப்பாத்தினது நீங்கதானே. இடதையும் நீங்களே பாருங்க," என்றாள்.

இந்த இடத்தில் பயத்தைப் பற்றி எழுத வேண்டும். நான் பயந்தேனா என்று கேட்டீர்கள். வீட்டில் நான், அவள், எங்கள் மகள் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் பயம், ஆனால் ஒரே பயம் அல்ல.

அவளுடைய பயம் அவளுடைய அப்பாவின் கை. அவருக்குக் கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்கி, கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. "இது எங்கப்பா கைங்க," என்று ஒரு மாலை மெதுவாகச் சொன்னாள். "வந்துருச்சு. எனக்கு வந்தா பாப்பாவுக்கும் வரும்." அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா. வலிக்கவில்லை என்று பாப்பா சொன்னாலும் நம்ப மாட்டாள். அப்புறம் ஒரு நாள் தொடுவதையே விட்டுவிட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற நினைப்பு. தலை வாரிவிடுவதில்லை, சோறு பிசைந்து தருவதில்லை, பக்கத்தில் படுக்கவிடுவதில்லை. எங்கள் மகளுக்கு எட்டு வயது. தானே பின்னிக்கொண்ட கோணல் சடையோடு பள்ளிக்குப் போனாள்.

பாப்பாவின் பயம் அம்மாவைப் பற்றியது. "அம்மா என்மேல கோவமாப்பா?" என்று கேட்பாள். இல்லையென்று சொல்வேன். "அப்ப ஏன் நான் கிட்ட போனா அம்மா கையைப் பின்னாடி வச்சிக்கிறாங்க?"

என் பயம் காலை வேளையில் வரும். கண் விழித்ததும் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். அதற்கு முன் ரப்பர் சுண்டும் சின்னச் சத்தம் ஒன்று. இன்றைக்கு வலது கை வீங்கிவிட்டால்? இவ்வளவும் வீணாகிவிட்டால்? நாடாவை எடுத்துச் சுற்றி, அளவு ஏறவில்லை என்று பார்க்கும் வரை காப்பிகூடக் குடிக்க மாட்டேன். என்னைக் கல்மனம் படைத்தவன் என்று யாரும் சொல்ல முடியாது ஐயா. பயந்துகொண்டேதான் செய்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் மாடியில் இலை பரப்பிக்கொண்டிருந்தேன். கீழே மிஷின் ஓடும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. பாத்திரம் விழவில்லை, அலறல் இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கீழே இறங்க வைத்தது. அவள் மிஷின் முன்னால் நேராக உட்கார்ந்திருந்தாள். ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி அடித்துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது. முகத்தில் வலியே இல்லை. அதைவிடப் பயங்கரமான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்னங்க," என்றாள், ரகசியம் சொல்வது போல. "எனக்கு வலிக்கவே இல்லைங்க. இது என் விரல்தானா?"

வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொன்னேன். சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுழற்றி ஊசியை எடுத்தேன். நான் பதறவில்லை. பதறியிருந்தால் எலும்பு உடைந்திருக்கும்.

வீங்கி வெடித்திருந்த தோல் வழியாகச் சீழ் வைத்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் ஏறியது. பிதற்றலில், "பாப்பாவைக் கிட்ட விடாதீங்க, பாப்பாவைக் கிட்ட விடாதீங்க," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் பரவாமல் இருக்க ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எடுத்தவர் அறுவை மருத்துவர். அந்தத் தாளில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

மைத்துனர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அந்த வாயா இது என்று இருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வலது கையாவது மிஞ்சிச்சே மாப்ள. நீங்க மட்டும் இல்லேன்னா ரெண்டும் போயிருக்கும். நான் என்னென்னமோ பேசியிருக்கேன், மனசுல வச்சுக்காதீங்க." மனதில் வைக்கவில்லை என்றேன். உண்மையில் அப்போது நான் அவளுடைய வலது கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டில் விரிப்பின்மேல் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு மெலிந்து கிடந்தது. தராசை அழைத்து வந்து காட்டலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரே ஆள் போதாது என்று அவர் சொல்லுவார் என்பதால் அழைக்கவில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். அந்த நாட்களில் பாப்பாவைப் பள்ளி விட்டதும் மைத்துனர் வந்து கூட்டிப் போவதாகப் பேச்சு. ஆனால் அவள் நேரே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். சமையலறையில் முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். மூன்று நாளாகக் கிடந்த பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் அம்மா செய்வது போலவே.

"காட்டு பாப்பா."

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

காட்டினாள். பத்து விரல்களும் சிவந்திருந்தன. நகக்கண்களைச் சுற்றித் தடித்திருந்தது. முந்தின நாளும் வந்து பாதியைக் கழுவியிருக்கிறாள் போல. கையுறைகளில் நான் புதிதாக எதுவும் பூசவில்லை. மிச்சம் இருந்ததுதான்.

"எனக்கும் அம்மாவோட நோய் வந்துருச்சாப்பா?" அவள் அழவில்லை. ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி கேட்டாள். உதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா ரொம்பப் பயந்துருவாங்க. நீங்க எனக்கும் மருந்து போட்டுருங்க. அம்மா வர்றதுக்குள்ள சரியாயிடணும்."

நான் அவளை முக்காலியிலிருந்து தூக்கி இறக்கினேன். கையுறை போட்டுக்கொண்டுதானே கழுவினாய் என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் போட்டேன்பா. எனக்குத் தெரியும், சோப்பு பட்டா கை போயிடும். அம்மா ஒரு கைக்குத்தான் போடுவாங்க. வலது கையில போட்டா தட்டு வழுக்குதுன்னு உடனே கழட்டி மேல மாட்டிருவாங்க. நான் அப்படி இல்ல. நான் ரெண்டுக்கும் போட்டேன்."

ஐயா, அந்தச் சமையலறையில்தான் நான் உண்மையாகப் பயந்தேன். குழாய் சொட்டுவது கேட்டது. எல்லா அளவையும் எடுத்தேன், எல்லா அளவையும் சரியாக எடுத்தேன். ஆனால் ஒரு நாள்கூட அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றதில்லை. வலது கையில் எண்ணெய் சரியாகப் படவே இல்லை என்றால், வலது கை தேறியதற்கு என் கொடி காரணமில்லை. அது வீங்க வேண்டிய அளவுக்கு வீங்கவே இல்லை. இத்தனை மாத வேலையும் ஒன்றுமில்லை. இரண்டு விரலும் ஒன்றுமில்லாததற்குப் போய்விட்டன. இதை என்னால் தாங்க முடியவில்லை. வீணாகப் போகவிடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

கொடி மருந்து டப்பாவை எடுத்து வந்து பாப்பாவின் வலது கையில் பூசினேன். இடது கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"இந்தக் கைக்கு?"

"அது ஒப்பீட்டுக் கை பாப்பா. அதுக்குப் போடக் கூடாது."

"ஏன்பா?"

கேள்வி கேட்கிற பிள்ளை அவள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பச்சை மெழுகுகூட அவளுக்குப் பூசவில்லை. "ரெண்டுக்கும் போட்டா மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியாம போயிடும். ஒண்ணு சும்மா இருந்தாத்தான் இன்னொண்ணு பேசும்," என்றேன்.

இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "அது தெரிஞ்சா அம்மாவுக்கு நல்லதா?"

"எல்லாருக்கும் நல்லது."

"அப்ப சரி," என்றாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருளைப் போல.

மைத்துனரிடம், இனிமேல் பாப்பா என்னோடு வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா இல்லாத பிள்ளை இன்னொரு வீட்டில் ஏங்கிப்போகும் என்று சொன்னேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களை மாதிரி ஒரு அப்பா யாருக்கு மாப்ள கிடைக்கும்," என்றார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாப்பாவால் பென்சில் பிடிக்க முடியவில்லை என்று பள்ளியில் அவளுடைய ஆசிரியை கவனித்திருக்கிறார். அவள் மறைக்கப் பார்த்திருக்கிறாள். பிடித்து இழுத்துப் பார்த்தபோது இரண்டு கையும் வீங்கி, தோல் உரிந்து இருந்திருக்கின்றன. ஒரு கையில் மருந்து, இன்னொன்றில் ஒன்றுமில்லை. ஏன் இந்தக் கைக்கு மருந்து போடலை என்று ஆசிரியை கேட்டதற்கு, "இது ஒப்பீட்டுக் கை மிஸ். இதைத் தொட்டா அப்பா வேலை கெட்டுரும்," என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம்தான் மருத்துவரையும் உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் வீங்கியிருந்தன என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார், நாடா வைத்து அளக்கவில்லை. வலது கை கொஞ்சம் தேவலை என்பதுதான் என் எண்ணம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

பாப்பா இப்போது மாமா வீட்டில் இருக்கிறாள், கை ஆறி வருகிறது என்றீர்கள். சந்தோஷம். அவள் அம்மாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று என்றும், கேட்டுவிட்டு அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மிச்சமிருக்கிற விரல்களால் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள் என்றும் சொன்னீர்கள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற அந்தப் பயம் அவளுக்குத் தெளிந்ததில் எனக்கும் நிம்மதி. நானே சொல்லியிருக்கலாம். வேலை முடியட்டும் என்று இருந்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள், அதற்கு நான் நேற்று வாய் திறக்கவில்லை. மகளின் விரல் சிவந்திருந்ததை முதல் நாளே பார்த்த நான், அதற்குக் காரணம் எது என்றும் தெரிந்த நான், அந்தக் கையுறையை அன்றைக்கே தூக்கி எறிந்தேனா என்று கேட்டீர்கள்.

எறிந்தேன் ஐயா. அன்று மாலையே குப்பையில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்ச் சின்ன அளவில் ஒரு புது ஜோடி வாங்கி வந்தேன். மஞ்சள் நிறம், மணிக்கட்டில் முயல் படம் போட்டது. எனக்கே எனக்கா என்று கேட்டுக் குதித்தாள். பெரியவர்களுடைய கையுறை அவள் விரலுக்குத் தொளதொளவென்று இருந்தது, அப்படி இருந்தால் உள்ளே பூசுவது இரண்டு கையிலும் சமமாகப் படாது.